கடல் வற்றும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளோடு கரைக்குப் போவது எப்படி?

"திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்" என்று அடிக்கடி செய்தி வரும். கூடவே ஒரு படம் இருக்கும். பச்சைப் பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரியும், அதன்மேல் நின்று சிலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் செய்தி வந்த தேதியை வீட்டு நாள்காட்டியில் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அமாவாசையோ பௌர்ணமியோ பக்கத்தில் இருக்கும். கடல் தினமும் இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. அந்த இரண்டு நாட்களையும் ஒட்டி வழக்கத்தைவிடக் கூடுதலாக வற்றுகிறது.

பிள்ளைகளோடு கடற்கரையில் உண்மையிலேயே எதையாவது பார்க்க வேண்டும் என்றால் அதற்கு உரிய நேரம் இந்த வற்றும் நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுண்டல், ராட்டினம், காலை நனைத்துவிட்டு வீடு என்பதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் விலகிக் கிடக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதே கரை வேறு இடமாக இருக்கும். மூன்றிலிருந்து எட்டு வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதல்முறை போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: நாளையும் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள், போன இடத்தில் நடக்காமல் உட்காருங்கள்.

ஏற்றமும் வற்றமும் ஏன் வருகின்றன?

நிலாவின் ஈர்ப்பு பூமியின் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. நிலாவைப் பார்த்திருக்கும் பக்கத்துக் கடல் பூமியின் மையத்தைவிட நிலாவுக்குக் கிட்டே இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கப்படுகிறது. மறுபக்கத்துக் கடல் தள்ளி இருப்பதால் கொஞ்சம் குறைவாக இழுக்கப்படுகிறது. இந்த வித்தியாசத்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் லேசாகப் புடைத்து நிற்கும். பூமி தன்னைத்தானே சுற்றும்போது ஒரு ஊர் இரண்டு புடைப்புகளையும் கடந்து போகிறது. அதனால்தான் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்.

இதற்குள் நிலாவும் சும்மா இருப்பதில்லை, பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு ஊர் மறுபடி நிலாவுக்கு நேரே வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. ஆகவே இன்று மாலை 4 மணிக்கு வற்றம் என்றால் நாளை ஏறக்குறைய 4.50. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு, நிலாவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டில் வருவதால் இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்கின்றன. ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அஷ்டமி வாக்கில் இரண்டும் குறுக்குக்குக் குறுக்கே இழுப்பதால் ஒன்றை ஒன்று குறைத்துவிடும். அன்று கடல் ஏறினதும் தெரியாது, வற்றினதும் தெரியாது.

சின்னப் பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டாம். "கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை உள்ளே போகும், ரெண்டு தடவை வெளியே வரும். இப்போ உள்ளே போயிருக்கு" என்றால் நான்கு வயதுக்குப் போதும். ஆறு ஏழு வயதுப் பிள்ளை ஏன் என்று கேட்கும், அப்போது நிலாவைச் சொல்லலாம். "நிலா தண்ணியை மேலே தூக்குது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மறுபக்கமும் ஏன் புடைக்கிறது என்று பின்னால் அந்தப் பிள்ளைக்குப் புரியாமல் போகும்.

நாள்காட்டியில் நாள் பார்ப்பது

வெளிநாடுகளில் கடலோர ஊர்க்காரர்கள் இதற்கென்று அட்டவணை வாங்கி வைத்திருப்பார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியிலேயே திதி அச்சாகி இருக்கிறது. கடலைப் படிக்க அது நல்ல தொடக்கம். அமாவாசை, பௌர்ணமி, அவற்றுக்கு அடுத்த மூன்று நாட்கள்: இவைதான் நமக்கு வேண்டியவை. ராமநாதபுரக் கரையில் பாசி எடுக்க இறங்கும் பெண்களும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களின் வற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் கடலுக்குள் போகிறார்கள். பெரிய வற்றம் பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமி அன்றே வருவதில்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். துவிதியை, திருதியை என்றால் தாராளமாகக் கிளம்பலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு ஊரில் ஒரு திதிக்கு வற்றம் வரும் கடிகார நேரம் மாதாமாதம் ஏறக்குறைய அதேதான். சென்னையில் பௌர்ணமி, அமாவாசை அன்று காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் ஏற்றமும், பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கில் வற்றமும் வரும். பிற்பகல் இரண்டு மணி வெயிலில் பிள்ளைகளோடு மணலில் கால் வைக்க முடியாது. இரண்டு நாள் பொறுத்தால் வற்றம் நான்கு மணியை ஒட்டி வந்துவிடும். வெயில் தாழ்ந்திருக்கும், தண்ணீரும் நன்றாக இறங்கியிருக்கும். பௌர்ணமி வியாழக்கிழமை வந்தால் சனிக்கிழமை மாலை நமக்கு. காலையில் போகவே பிடிக்கும் என்பவர்கள் சதுர்த்தி, பஞ்சமி வரை காத்திருந்தால் ஆறு மணியை ஒட்டி வற்றம் கிடைக்கும். அப்போது தண்ணீர் அவ்வளவு இறங்காது, ஆனால் வெயில் இல்லை, கூட்டம் இல்லை. மற்ற ஊர்களில் நேரம் மாறும். துல்லியமான நேரத்துக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையத்தின் இணையதளத்தைப் பாருங்கள். கைப்பேசிச் செயலிகளிலும் கிடைக்கும்.

அட்டவணையில் ஒரு நாளுக்கு நான்கு வரி இருக்கும். நேரம், பக்கத்தில் மீட்டர் கணக்கில் உயரம். உயரம் குறைவாக உள்ள இரண்டும் வற்றம். வற்றம் 4.10 என்றால் மூன்றரைக்கு அங்கே இருங்கள், ஐந்துக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். ஏறத் தொடங்கும் தண்ணீர் முதல் ஒரு மணி நேரம் மெதுவாகத்தான் ஏறும். அடுத்தடுத்த மணி நேரங்களில் வேகம் பிடித்து, மூன்றாவது நான்காவது மணி நேரங்களில் மட்டும் மொத்த ஏற்றத்தில் பாதி ஏறிவிடும். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று பிள்ளை கெஞ்சும் நேரமும் அதுவாகத்தான் இருக்கும்.

நம் கரையில் எவ்வளவு வற்றும்?

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பத்து மீட்டர் வரை வித்தியாசம் வரும். கட்ச் வளைகுடாவில் ஜாம்நகர் பக்கம் நராரா என்ற இடத்தில் வற்றம் வரும்போது பவளத் திட்டுகளுக்கு நடுவே நடந்தே போய்ப் பார்க்கிறார்கள். நம் கரைக்கு அந்த வசதி இல்லை. சென்னையில் பெரிய வற்றத்திலும் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். மன்னார் வளைகுடாவில் அதைவிடவும் குறைவு.

ஆனால் ஒரு மீட்டர் என்பது செங்குத்தாக இறங்கும் அளவு. கரை சரிவாக இருந்தால் தண்ணீர் சில அடிதான் விலகும், தட்டையாக இருந்தால் வெகுதூரம் விலகிவிடும். மெரினா போல அலை மோதும் சரிவான கரையில் வெளிப்படுவது ஒரு ஈர மணல் பட்டைதான். மண்டபத்திலும் பாக் நீரிணையை ஒட்டிய ஆழமற்ற கரைகளிலும் நிறையவே வெளிப்படும். ஆகவே இடம் தேடும்போது தட்டையான கரை, அலை குறைந்த கரை என்று தேடுங்கள். பாம்பன், ராமேசுவரம் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி. அங்கே ஒருபுறம் வடகடல், மறுபுறம் தென்கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் அது தலைகீழ். எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் போகலாம்.

மணல் கரையில் என்ன இருக்கும்?

ஒன்றும் இருக்காது என்றுதான் முதலில் தோன்றும். அதனால்தான் உட்காரச் சொன்னேன். பெரியவர்கள் நடந்துகொண்டே இருந்தால் அதிர்வு தெரிந்து எல்லாம் வளைக்குள் போய்விடும். குத்துக்காலிட்டு அசையாமல் இரண்டு நிமிடம் இருந்தால் போதும், ஒவ்வொன்றாக வெளியே வரும். மூன்று வயதுப் பிள்ளை இரண்டு நிமிடம் அசையாமல் இருக்காது என்பது உண்மைதான். மடியில் வைத்துக்கொண்டு, "முதல்ல எந்த ஓட்டையிலிருந்து நண்டு வரும், சொல்லு" என்று பந்தயம் கட்டினால் இருக்கும்.

மேட்டு மணலில் பெரிய ஓட்டைகள் பேய் நண்டுடையவை. கண்கள் தண்டு வைத்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும், ஓட்டம் பக்கவாட்டில். ஓடிக்கொண்டே திசை மாறும். அது செவுளால் மூச்சு விடுவது, அதனால் அவ்வப்போது அலையில் போய்ச் செவுளை நனைத்துக்கொண்டு திரும்பும். நெய்தல் நிலத்துப் பெண்கள் நண்டை விரட்டி விளையாடியதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. நம் பிள்ளைகள் செய்வதும் அதைத்தான். விரட்டட்டும், பிடிக்க வேண்டாம். வளையைத் தோண்டவும் வேண்டாம்.

முகத்துவாரம், உப்பங்கழி, அலை அடங்கிய கரை போன்ற இடங்களில் ஈர மணல் முழுக்கச் சின்னச் சின்ன மணல் உருண்டைகள் பரவிக் கிடப்பதைப் பார்க்கலாம். நடுவில் ஒரு துளை, அதிலிருந்து நாலாபக்கமும் கோடு கோடாக உருண்டைகள். இதைச் செய்வது விரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு நண்டு. பிள்ளையோடு குனிந்து பார்த்தால் அது வேலை செய்வதே தெரியும். இரண்டு கொடுக்காலும் மாறி மாறி மணலை அள்ளி வாயில் வைக்கிறது. மணலில் ஒட்டியிருக்கும் நுண்பாசியும் மக்கிய துணுக்கும் அதற்குச் சாப்பாடு. சாப்பாட்டை எடுத்துக்கொண்ட மணல் வாயின் மேல் பக்கம் உருண்டையாகத் திரளும். திரண்டதும் அதைக் கொடுக்கால் எடுத்துக் கால்களுக்கு அடியில் பின்னால் தள்ளிவிட்டு அடுத்த வாய் அள்ளுகிறது. ஒரு கோட்டில் சாப்பிட்டுக்கொண்டே வளையை விட்டு விலகிப் போகும், பிறகு வேறு கோட்டில் தொடங்கும். தின்ற மணலை மறுபடி தின்னாமல் இருக்கத்தான் இந்த உருண்டை. தண்ணீர் ஏறினதும் எல்லாம் கரைந்துவிடும், அடுத்த வற்றத்தில் மறுபடி முதலிலிருந்து. இந்த நண்டைப் பார்த்த பிள்ளை அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகராது. நீங்களும் நகராதீர்கள்.

அலை வந்து திரும்பும் விளிம்பில் இன்னொன்று இருக்கிறது. தண்ணீர் பின்வாங்கும்போது ஈர மணலில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவத்தில் சின்னச் சின்னச் சுழிப்புகள் தெரியும். அங்கே கையால் ஒரு பிடி மணலை அள்ளினால் முட்டை வடிவத்தில், சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நுனி அளவில் ஒரு ஜீவன் உள்ளங்கையில் குறுகுறுவென்று புதையப் பார்க்கும். நண்டு, இறால் வகையறாதான், ஆனால் கொடுக்கு கிடையாது, கடிக்காது. பயந்த பிள்ளைகூடத் தைரியமாகத் தொடலாம். அது பின்பக்கமாகத்தான் புதையும், முகம் கடலைப் பார்த்தபடி இருக்கும். அலை திரும்பும் சில நொடிகளில் இறகு போன்ற உணர்கொம்பை நீட்டித் தண்ணீரில் வரும் நுண்ணுயிர்களை வடிகட்டிக்கொள்ளும். கடல் ஏறினால் கூடவே மேலே வரும், வற்றினால் கூடவே கீழே போகும். பார்த்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். விட்ட ஒரு நொடியில் அது மணலுக்குள் மறைவதைப் பார்க்கத்தான் பிள்ளைகளுக்கு இன்னும் கொண்டாட்டம்.

கிளிஞ்சல் பொறுக்கும்போது சிலவற்றில் ஊசி வைத்துத் துளைத்தது மாதிரி வட்டமான ஓட்டை இருக்கும். மாலை கோக்க வசதி என்று பிள்ளைகள் தேடி எடுப்பார்கள். அந்த ஓட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் அகலமாகவும் உள்ளே குறுகியும் இருந்தால் அது ஒரு கடல் நத்தை போட்டது. மணலுக்கு அடியில் மட்டியைப் பிடித்து, அமிலம் சுரந்து அதன் ஓட்டினை இளக வைத்து, நாக்கில் இருக்கும் நுண்பற்களால் சுரண்டிச் சுரண்டித் துளைத்து, உள்ளே இருக்கும் சதையைத் தின்றுவிடும். அதே நத்தையின் முட்டைகளையும் மணல் திட்டில் காணலாம். சட்டைக் காலரைக் கழற்றி வைத்தது போல வளைந்த ஒரு மணல் பட்டை. ஏதோ குப்பை, ரப்பர் துண்டு என்று தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம். மணலையும் வழுவழுப்பான சுரப்பையும் குழைத்து அதற்குள் ஆயிரக்கணக்கான முட்டைகளை வைத்திருக்கிறது. அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

பாறைக் கரை

பாறையும் குட்டைகளும் உள்ள கரையில் பார்க்க இன்னும் நிறைய உண்டு, பொறுப்பும் கூடுதல். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் மணல் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாறையின் உயரமான இடம் அதிக நேரம் காய்ந்து கிடக்கும், தாழ்ந்த இடம் அதிக நேரம் நனைந்திருக்கும். அதற்குத் தக்கபடி உயிர்களும் மேலிருந்து கீழே அடுக்கடுக்காகக் குடியிருக்கும். மேலே சின்ன நத்தைகள், அடுத்து காலைக் கிழிக்கும் கூரான ஓடுகளோடு கொட்டலசு, கீழே பாசி. கொட்டலசு கல் மாதிரி இருக்கும். அதுவும் நண்டு, இறால் வகையறா என்று சொன்னால் பிள்ளை நம்பாது. கொட்டலசு ஒட்டிய உடைந்த சிப்பித் துண்டு ஒன்று கிடைத்தால் டப்பாவில் கடல்நீர் எடுத்து அதில் போட்டு, ஆட்டாமல் வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் நுனி திறந்து இறகு போன்ற கால்கள் வெளியே வந்து தண்ணீரை வாரத் தொடங்கும். பார்த்துவிட்டு எடுத்த இடத்தில் வைத்துவிடலாம்.

குட்டையின் மேற்பரப்பு பளபளப்பதால் உள்ளே இருப்பது தெரியாது. அடிப்பக்கம் தெளிவாக உள்ள பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீர் மேல் லேசாக அழுத்தி அதன் வழியாகப் பாருங்கள், சட்டென்று எல்லாம் தெளியும். நத்தை ஓட்டினைச் சுமந்து திரியும் துறவி நண்டு, கண்ணாடி போன்ற குட்டி இறால், பாறையோடு பாறையாக இருக்கும் உளுவை மீன், கை விரித்த கடல் சாமந்தி எல்லாம் அங்கேதான். தண்ணீர் வற்றிய இடத்தில் கடல் சாமந்தி மூடிக்கொண்டு வெறும் ஜெல்லிக் கட்டியாகத் தெரியும். கல்லைப் புரட்டினால் அதே பக்கம் கீழே இருக்குமாறு திரும்ப வைக்க வேண்டும். அடியில் ஒட்டி வாழும் உயிர்கள் வெயிலில் கிடந்தால் செத்துவிடும். வற்றிய குட்டையில் ஏற்கெனவே தண்ணீர் சூடாகி உயிர்வளி குறைந்திருக்கும், அதற்கு மேல் நாம் தொல்லை கொடுக்கக் கூடாது.

தொடக் கூடாதவை, தெரிந்திருக்க வேண்டியவை

பிள்ளைக்கு ஒரே ஒரு விதி போதும்: "எங்கிட்ட கேக்காம எதையும் தொடாதே." பெரியவருக்குத்தான் பட்டியல் வேண்டும். கரை ஒதுங்கிய சொறி, அதாவது ஜெல்லி மீன், காய்ந்து கிடந்தாலும் சுடும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையைச் சாமணத்தால் எடுத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். கூம்பு வடிவத்தில் அழகான புள்ளிகளும் கோடுகளும் போட்ட சங்கு உயிரோடு இருந்தால் விஷ ஊசி பாய்ச்சும், சில வகைகள் உயிருக்கே ஆபத்து. நம் கடலில் அவை உண்டு. சங்கு காலியா உயிரோடு இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் கையை நீட்ட வேண்டாம். கரை ஒதுங்கிய கடல்பாம்பு, கடல் முள்ளெலி, திருக்கை, சேற்றில் புதைந்த கண்ணாடி, அறுந்த வலை, தூண்டில் முள் எல்லாம் இதே கணக்கு. காலுக்கு வார் வைத்த செருப்பு வேண்டும். ரப்பர் செருப்பு சேற்றில் கழன்றுவிடும், வெறுங்கால் கூடவே கூடாது. கழிவுநீர் கலக்கும் முகத்துவாரத்தைத் தவிருங்கள், மழை பெய்த மறுநாளும் வேண்டாம்.

வற்றம் என்றால் கடல் சாந்தமாக இருக்கிறது என்று பொருள் இல்லை. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் வற்றிய நேரத்தில் பல கரைகளில் இன்னும் வலுவாக இருக்கும். சென்னைக் கரைகளில் பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறக்க வேண்டாம், கடலுக்கு முதுகு காட்டி நிற்கவும் விட வேண்டாம். தென்மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கோ தொலைவில் தெற்கே வீசிய புயலால் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறுவதுதான் கள்ளக்கடல். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் அலை இழுத்து ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். எச்சரிக்கை இருந்தால் கிளம்பவே கிளம்பாதீர்கள், பிள்ளை அழுதாலும் சரி.

வற்றத்தைப் பழகிய கண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. சாதாரண வற்றத்துக்கு ஆறு மணி நேரம் ஆகும். அட்டவணையில் இல்லாத நேரத்தில், சில நிமிடங்களுக்குள், கடல் விறுவிறுவென்று உள்வாங்கினால் அது வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கன்னியாகுமரி உட்படப் பல இடங்களில் கடல் அப்படி உள்வாங்கியது, வேடிக்கை பார்க்க இறங்கியவர்களும் இருந்தார்கள். அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட்டில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்து விசித்திரமாக நடந்துகொள்வதைக் கண்டு, பள்ளியில் படித்ததை வைத்துச் சுனாமி என்று சொன்னாள். அந்தக் கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைப் பயமுறுத்தாமல் சொல்லிக்கொடுக்கலாம்: கடல் திடீர்னு வித்தியாசமா நடந்துக்கிட்டா, பார்க்க நிக்காதே, மேட்டுக்கு ஓடு.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

நிச்சயம் கேட்கும். உயிருள்ள எதுவும் வேண்டாம். வாளியில் எடுத்துப் போகும் நண்டோ மீனோ பெரும்பாலும் அடுத்த நாளைக் காணாது. காலி ஓடு என்றால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளட்டும், பை நிறைய வேண்டாம். துறவி நண்டு வளர வளரப் பெரிய ஓட்டுக்குக் குடிமாற வேண்டும், நாம் வாரிக்கொண்டு போனால் அதற்கு வீடு கிடைக்காது. பவளத் துண்டு செத்ததாக இருந்தாலும் தொடாதீர்கள். பவளம், கடல் அட்டை, கடற்குதிரை, சில வகைச் சங்குகள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே நினைத்தபடி இறங்க முடியாது, நமக்குத் தேவையும் இல்லை.

பொருளுக்குப் பதில் படம் வரையச் சொல்லுங்கள். கரையிலேயே வேண்டாம், வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு. நண்டுக்கு எத்தனை கால், கண் எங்கே இருந்தது என்று அப்போதுதான் யோசிக்கும். தெரியவில்லை என்றால் அடுத்த முறை அதையே பார்க்கப் போகலாம்.

அந்த அடுத்த முறைக்கு நான் வேண்டுமென்றே அஷ்டமியைத்தான் சொல்வேன். பௌர்ணமிக்குப் பின் பார்த்த அதே இடம், கரையில் உள்ள ஏதாவது ஒரு கல்லோ தூணோ அடையாளம். வற்றம் எத்தனை மணிக்கு என்று அட்டவணையில் பார்த்து அந்த நேரத்துக்கே போங்கள். தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, அடையாளக் கல்லிலிருந்து எத்தனை அடி என்று பிள்ளையைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். முதல் முறையும் இப்படி அளந்து வைத்திருந்தால் இம்முறை எண்ணிக்கை குறைவதை அதுவே கண்டுபிடிக்கும். "ஏன் இன்னைக்குக் கடல் அவ்வளவா உள்ளே போகல?" என்று கேட்டால், அன்று ராத்திரி வானத்தைக் காட்டுங்கள். தேய்பிறை அஷ்டமி என்றால் நடு இரவுக்குத்தான் நிலா உதிக்கும், அவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டாம். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது மேற்கே பாதி நிலா நிற்கும்.